ஆயிரம் ரூபாய், மூன்று புத்தகம்: எதை வாங்குவது?

கேட்டிருப்பது இது: "வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. படிக்கும் பழக்கமே விட்டுப்போய்விட்டது. புத்தகத்துக்கென்று ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். என்னைத் திருத்திக்கொள்ள ஒன்று, தமிழ் இலக்கியம் எப்படி வளர்ந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஒன்று, ராத்திரி எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் படிக்க ஒரு காதல் கதை. எவை என்று சொல்லுங்கள்."

ஜூன் 3

சுயமுன்னேற்ற நூலை வாங்காதீர்கள். இருபது வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நான் பதினான்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு வாரம் தாங்கியது. முதல் நாள் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன், எட்டாம் நாள் பழையபடி ஏழு மணி.

அந்தப் பணத்தையும் சேர்த்து, பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்' நல்ல பதிப்பாக ஒன்று வாங்குங்கள். இலக்கிய வரலாறும் ஆச்சு, மனிதர் ஒருவர் தன்னை எப்படி உருவாக்கிக்கொண்டார் என்பதும் ஆச்சு. காதல் கதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஜூன் 4

'என் சரித்திரம்' எதற்கு என்று விளக்கமாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1880 அக்டோபர். உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெயர் வேறு இருக்கிறது. ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் (நீதிபதி) சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். படித்ததில்லை.

இந்த இடத்தில் நானாக இருந்தால் அந்த வீட்டுப் பக்கமே அப்புறம் போயிருக்க மாட்டேன். அவர் போனார். பிரதியை வாங்கி வந்து உட்கார்ந்தார், ஒன்றும் பிடிபடவில்லை. புரியவில்லை என்பதை மறைக்காமல் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டு போனார். அதே ஊரில் ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து இன்றைக்குத்தான் பூர்த்தியாயிற்று என்கிறார்கள். ஊரில் பெரிய தமிழ்ப் பண்டிதர்களுக்குத் தெரியாத ஒரு காவியம், பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் பூஜை போட்டுப் படித்து முடித்த புத்தகமாக இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன் உரையில் நச்சினார்க்கினியர் பேர் சொல்லாமல் மேற்கோள் காட்டிய பாட்டுகள் எங்கிருந்து வந்தவை என்று தேடிப்போனதுதான் பிறகு பத்துப்பாட்டு (1889), புறநானூறு (1894) என்று நீண்டது. சங்க இலக்கியம் நம் கைக்கு வந்த வழியை, அந்த வழியில் நடந்தவரே சொல்கிற புத்தகம் இது. தேதிகளை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை, தானாக நிற்கும்.

இன்னொன்று. சிந்தாமணிக்கு 'மணநூல்' என்றும் பேர் உண்டு. சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிற கதை.

ஜூன் 4, இரவு

ஒரு எச்சரிக்கை சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் புத்தகத்துக்கு முடிவு கிடையாது. ஆனந்த விகடனில் 1940 ஜனவரியிலிருந்து தொடராக எழுதினார், 1942 ஏப்ரலில் காலமானார், எழுதி வைத்த வரைக்கும்தான் கதை. கடைசிப் பக்கம் காணோம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

ஜூன் 7

கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். "எனக்குக் கோபம் அதிகம் வருகிறது, சம்பளம் இருபதாம் தேதிக்கே தீர்ந்துவிடுகிறது. இதற்கு 19-ஆம் நூற்றாண்டுத் தமிழறிஞர் என்ன செய்வார்?" என்று. கேட்டதில் தப்பில்லை. மூன்று நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதினான்கும் வீண் என்று எழுதியது சரியில்லை. ஒன்று என்னோடு தங்கியிருக்கிறது. அட்டையே இல்லாத பழைய புத்தகம், பேரும் நினைவில் இல்லை. ராத்திரி படுக்கும் முன் அன்றைய செலவை ஒரு நோட்டில் எழுது, கூட்டிப் பார்க்காதே, எழுத மட்டும் செய் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. கூட்டிப் பார்க்காதே என்று சொன்னதால்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். கூட்டச் சொல்லியிருந்தால் பயத்திலேயே விட்டிருப்பேன். தபால் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். அந்த நோட்டுப் பழக்கத்தால்தான் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கும் வட்டிக்கு வாங்காமல் சமாளிக்க முடிந்தது. மற்ற பதின்மூன்றும் என்னைப் புதிய மனுஷியாக்கப் பார்த்தன. இது ஒரு நோட்டு வாங்கச் சொன்னது.

ஆகவே முதல் குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். வாங்குங்கள். ஆனால் கடையில் நின்று நான் பார்ப்பது போலப் பார்த்து வாங்குங்கள். முன்னுரையைப் படிக்க வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, நாளைக் காலையில் செய்யும்படி ஒரு காரியமாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த பக்கமும் "நம்பு, உன்னால் முடியும்" என்றே போனால் வைத்துவிடலாம். தான் தோற்ற இடத்தை ஆசிரியர் எங்கேயாவது சொல்கிறாரா என்றும் பார்ப்பேன்.

மொழிபெயர்ப்பு என்றால் மூன்று வாக்கியம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனசுக்குள் இங்கிலீஷில் திருப்பிப் போட்டால்தான் அர்த்தம் வருகிறதென்றால், அந்த 300 பக்கத்தையும் நீங்களே மொழிபெயர்த்துக்கொண்டு படிக்கப்போகிறீர்கள். இந்த வகையில் தமிழிலேயே யோசித்து எழுதியவர்கள் உண்டு. எம்.ஆர்.எம். அப்துற்-றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' எங்கள் அப்பா தலைமாட்டில் இருந்த புத்தகம். எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' என் தலைமுறையில் வீட்டுக்கு வீடு இருந்தது. நடை இரண்டிலும் பேசுவது போல இருக்கும்.

கோபத்துக்கு எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திருக்குறளில் 'வெகுளாமை', 31-ஆம் அதிகாரம், பத்துக் குறள். நாளைக்கு ஒன்று.

ஜூன் 8

பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் பழைய நாவல் ஒன்றை வாங்கிவந்து பாதி படித்த பிறகுதான் அது சுருக்கப் பதிப்பு என்று தெரிந்தது. அட்டையில் அந்த வார்த்தையே இல்லை, உள்ளே மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். பக்க எண்ணிக்கையை நூலகப் படியோடு ஒப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. காப்புரிமை தீர்ந்த பழைய நூல்களைப் பல பேர் போடுகிறார்கள், எல்லாரும் மெய்ப்புப் பார்ப்பதில்லை.

ஜூன் 12

எங்கள் ஊர் மயிலாடுதுறை. அப்போது மாயூரம். இன்றைக்குக் கடைத்தெருப் பக்கம் போனபோது இந்தக் கேள்வியே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை எப்படி எனக்கு முதலிலேயே நினைவுக்கு வராமல் போனார்? நீங்கள் கேட்ட மூன்றும் அந்த ஒரு மனிதரிடம் இருக்கின்றன.

1879-இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். ஆக, அது இலக்கிய வரலாறு. கதை என்ன என்று பார்த்தால் பிரதாபனும் ஞானாம்பாளும் சேர்வதும் பிரிவதும் மறுபடி சேர்வதும். புருஷனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஓர் ஊருக்குள் போகிறாள், பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையைப் போட, ராஜாவாகி ஆட்சி செய்கிறாள். இதைவிட ஒரு காதல் கற்பனை வேண்டுமா? நடுநடுவே தாய் சொல்லும் புத்தி, நீதிபதிக்குப் புத்தி, வக்கீலுக்குப் புத்தி, பெண்கள் படிப்பு ஏன் வேண்டும் என்று நீளமாக வரும். சொல்லப்போனால் அந்த நாவலை எழுதியதே நீதியைச் சொல்லத்தான். அதற்கப்புறம்தான் 'நீதிநூல்' எழுதினார்.

உ.வே.சா. 1871-இல் மாயூரத்துக்கு வந்து மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது, பிள்ளையின் நெருங்கிய நண்பர் இந்த முன்சீப். பிள்ளை அவர்மேல் 'குளத்துக்கோவை' பாடியிருக்கிறார். கோவை என்றால் காதல் துறைகளை வரிசையாகக் கோத்துப் பாடுவது. ஒரு நீதிபதிக்கு நண்பர் தந்த பரிசு அது! பஞ்சம் வந்தபோது வேதநாயகம் பிள்ளை கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார், அதைப் பார்த்து கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். அந்த பாரதியாரிடம்தான் உ.வே.சா. கொஞ்ச காலம் சங்கீதமும் கற்றுக்கொண்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

எல்லாரும் இதே தெருக்களில் நடந்தவர்கள். எனக்கு இது இருபத்தெட்டு வருடம் கடிதம் பிரித்த ஊர். இவர்கள் விலாசத்தில் யாரையும் தேடினதில்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஜூன் 13

மேலே ஒன்று தலைகீழாக எழுதிவிட்டேன். நீதிநூல்தான் முதலில், 1859. நாவல் இருபது வருடம் கழித்து. இந்த வரிசை முக்கியம். முதலில் செய்யுளில் நீதி சொன்னார், அப்புறம் அதே நீதிகளுக்கு உயிர் கொடுக்க உரைநடையில் கதை எழுதினார். நேராகப் புத்தி சொன்னது போதவில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், இது என் ஊகம்.

இன்னொரு குறையும் இருக்கிறது. 4-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தால் பழந்தமிழ் நூல்களை உ.வே.சா. ஒருவரே காப்பாற்றியது போல இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளையை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை. சிந்தாமணி வந்த அதே 1887-இல் அவர் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். அது முழுக்கக் காதல் பாட்டு. கும்பகோணத்தில் இருவரும் சந்தித்துக்கொண்டதை 'என் சரித்திர'த்திலேயே படிக்கலாம்.

நாவல், சிறுகதை வரலாறு வேண்டுமென்றாலும் ஈழத்துக்காரர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. க.கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்', கா.சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்'. இரண்டும் கொஞ்சம் கனமானவை, இப்போதைக்கு வேண்டாம்.

ஜூன் 19

காதல் கதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று எழுதியதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், அதற்குப் பதில் இதை எழுதுகிறேன்.

எங்கள் அம்மா மாத நாவல் படிப்பாள். லக்ஷ்மி, அநுத்தமா, பிறகு ரமணிசந்திரன். லெண்டிங் லைப்ரரியில் ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பைசா, இரண்டு நாள் கெடு. அடுப்பில் உலை கொதிக்கும்போது இரண்டு பக்கம், அப்பா தூங்கினதும் பத்துப் பக்கம். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், உதட்டைச் சுழிப்பார். நானும் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அப்படியே சுழித்தேன். ஒரு நாள் "இதில் என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். "கடைசியில் அவன் வந்துடுவான்டி" என்றாள்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினெட்டு ராத்திரி நான்தான் கூட இருந்தேன். நல்ல புத்தகமாக மூன்று எடுத்துப் போயிருந்தேன். ஒரு வரி ஓடவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த பெண் ஒரு ரமணிசந்திரன் கொடுத்தாள். விடியற்காலை நாலு மணிக்கு முடித்தேன். அடுத்த ராத்திரி இன்னொன்று. மொத்தம் பதினொன்று படித்தேன். நடுவில் என்ன வந்தாலும் கடைசியில் அவன் வந்துவிடுவான் என்பது எனக்கு அந்த வார்டில் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குச் சத்தமாகவும் படித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் முன்பே படித்திருந்தாள், ஆனால் சொல்லவில்லை.

அதனால் வாங்குங்கள். அதற்கும் நல்ல காசு ஒதுக்குங்கள்.

இதிலும் பார்த்து எடுக்க வேண்டியது உண்டு. கதாநாயகன் அவளை அதட்டுவதும் கையை முறுக்குவதும் சந்தேகப்படுவதும் காதலென்று சொல்கிற கதைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அவை அந்த வார்டில்கூட ஓடவில்லை. மறந்து இருக்கத்தானே படிக்கிறோம், அங்கேயும் ஒருவன் கத்தினால் எப்படி? முதல் இருபது பக்கத்தில் அவன் அவளிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்தால் போதும். லக்ஷ்மியில் தொடங்கலாம். அவர் டாக்டர். மருத்துவம் படிக்கும்போது செலவுக்கு ஆனந்த விகடனில் கதை எழுதியவர், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் நெடுநாள் இருந்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் கதைப் பெண்களுக்கு ஒரு படிப்போ வேலையோ இருக்கும்.

ஜூன் 20

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். பதினெண்கீழ்க்கணக்கு என்ற பழைய தொகுப்பில் 18 நூல். அதில் அறம் சொல்வது 11, காதல் சொல்வது 6, போர் ஒன்றே ஒன்று, களவழி நாற்பது. திருக்குறளிலும் 133 அதிகாரத்தில் கடைசி 25 காமத்துப்பால். உங்கள் பட்டியலும் ஏறக்குறைய இதே கலவைதான். நம் ஆட்கள் ரொம்ப நாளாகவே இப்படித்தான் படித்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

உ.வே.சா.வை முதல் நாள் சோதிக்கும்போது மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லச் சொன்னதும் நைடதத்திலிருந்து ஒரு பாட்டுத்தான். நளன் தமயந்தி கதை.

ஜூன் 27

இலக்கிய வரலாறு என்றே பேர் போட்ட புத்தகம் வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டும். மு.வரதராசனின் 'தமிழ் இலக்கிய வரலாறு'. சாகித்திய அகாதெமி 1972-இல் போட்டது. வாக்கியம் சின்னச் சின்னதாக இருக்கும், தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து தானே தமிழ் படித்து மேலே வந்தவர் என்பதாலோ என்னவோ, படிக்கிறவரைப் பயமுறுத்த மாட்டார். சங்க காலத்திலிருந்து அவர் காலம் வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போகலாம். ஊர் வரைபடம் மாதிரி அது. 'என் சரித்திரம்' அந்த ஊருக்குள் நடந்து போவது. எது முதலில் என்றால், நடந்துவிட்டு வரைபடத்தைப் பாருங்கள் என்பேன். தெரிந்த தெருவின் பேரை வரைபடத்தில் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் தனி.

மு.வ.வும் மூன்றையும் எழுதியவர்தான். 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று கடிதமாகப் புத்தி சொன்னார், 'கள்ளோ காவியமோ' போல நாவல்கள் எழுதினார். கடிதங்களில் பெண்களுக்குச் சொன்ன சிலவற்றை இன்றைக்கு என்னால் ஏற்க முடியவில்லை. தம்பிக்குச் சொன்னதில் தமிழைப் பற்றிய பகுதி இன்னும் சூடாக இருக்கிறது.

ஜூலை 2

வாங்கிவிட்டாராம். 'என் சரித்திரம்' ஒன்று, லக்ஷ்மி நாவல் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று. மு.வ. வரலாற்றை நூலகத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் பாருங்கள்.

'என் சரித்திரம்' முதல் அத்தியாயங்கள் ஊர், உறவு, முன்னோர் என்று மெதுவாகப் போகும். அங்கே நின்றுவிடாதீர்கள். மாயூரம் வருகிற இடத்திலிருந்து தொடங்கிவிட்டு, பிறகு முதலிலிருந்து படித்தாலும் தப்பில்லை.

லக்ஷ்மியை முடித்ததும் எழுதுங்கள். அம்மாவிடம் படித்துக் காட்ட எனக்கும் புதிதாக ஒன்று வேண்டும். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை அவளுக்கு.